மூன்று இரவு நூல்

இப்போதெல்லாம் மணிக்கட்டில் நூல் கட்ட வருகிறவர்கள் நிற்பதே இல்லை. காரை அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். ஒரு கையில் போன், மறு கையில் நூல். "நல்லா இரு, நல்லா இரு" என்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சாப்பிட உட்காராமல் கோழிக்கறியை பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்டால் வேலையாம். எங்களுக்கும் வேலை இருந்தது. லாவோஸ் மலையில் நெல் அறுத்துக்கொண்டிருந்தபோதும், ஒருத்தருடைய உயிரைக் கூப்பிட வேண்டும் என்றால் அரிவாளைப் போட்டுவிட்டு வந்தோம். வாழ்த்தை முழுதாகச் சொல்லாமல் கட்டினால் அது வெறும் நூல்தான். தையல் சாமான் கடையில் ஒரு டாலருக்கு ஒரு கண்டு கிடைக்கும்.

என் தம்பி மகள் ஷுவாவுக்குப் போன நவம்பரில் உயிர் கூப்பிட்டேன். அப்போது வந்தவர்களும் இப்படித்தான் வந்தார்கள், இப்படித்தான் போனார்கள். அந்த நூலால் என்ன நடந்தது என்பது அவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் மோங் வீடுகளில் அப்பா இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பாதான் அப்பா. தம்பி போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஃபிரெஸ்னோவுக்கு வெளியே நாங்கள் குத்தகைக்கு எடுத்த எட்டு ஏக்கரில் எலுமிச்சைப்புல், காராமணி, கத்தரி எல்லாம் போடுகிறோம். ஷுவா பத்து வயதிலிருந்து அந்த வரப்பில் காராமணியைக் கட்டுக் கட்டிக்கொண்டே பாடம் படித்தவள். இப்போது அரசுக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் படிக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்புக்குள் புகுந்து ஆளைச் சாய்க்கும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நாங்கள் சொன்னால் மட்டும் சிரிப்பார்கள். ஷுவா சிரித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிருமிப் பாடத்தில் அவள் அதற்கு முந்தின வருடம் தோற்றுப்போனாள். அதற்கு நான்தான் காரணம் என்று என் தம்பி மனைவி நினைக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் என் தட்டில் சோறு வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

நடந்தது இதுதான். எங்கள் பங்காளி ஞியா பாவ் இறந்துபோனார். எங்கள் சாவு வீடு நாலு நாள். நாலு நாளும் ஊதுகுழல் நிற்காது, சமையல் நிற்காது, பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். நான் ஷுவாவைக் கூப்பிட்டேன். வந்தாள். நாலு நாளும் பாத்திரம் கழுவினாள், சோறு பரிமாறினாள். அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பும் ஒரு பரீட்சையும் இருந்தன. விடுப்புக்கு ஒரு தாள் நிரப்பித் தர வேண்டுமாம். இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று அதில் கேட்டிருக்கிறது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், தாத்தா, பாட்டி. இவள் 'மற்றவர்' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். தூரத்து உறவுக்கு விடுப்பு கிடையாது என்று பதில் வந்துவிட்டது. எங்களுக்குத் தூரத்து உறவு என்று ஒன்று கிடையாது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒரே பாடத்தை இரண்டு தடவைதான் எடுக்கலாம். இரண்டாவது தடவையும் போனால் அந்தப் படிப்பை விட்டு வேறு படிப்புக்குப் போக வேண்டும். இதை ஷுவா என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மா சொன்னாள்.

"வேற படிப்பு படிக்கட்டுமே. கணக்கு எழுதுற படிப்பு இல்லையா? அதுக்குச் சாவு குறுக்க வராது" என்றேன்.

"எட்டாவது படிக்கிறப்பவே இதுதான் படிப்பேன்னு சொன்னவ மாமா அவ. அவ அப்பாவுக்கு ரத்தத்துல என்ன புகுந்துச்சுன்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் நமக்கு வெளங்கற மாதிரி சொல்லத் தெரியல. அதுக்குத்தான் படிக்கிறா."



நவம்பர் வந்தபோது பிள்ளை சரியாக இல்லை. சோற்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடுவாள். என் வண்டியில் ஏறினால் பெல்ட் போடுவதற்குள் தூங்கிவிடுவாள். ரொம்பப் பயந்தாலோ, ரொம்ப அழுதாலோ ஒருத்தருடைய உயிர் வழியில் எங்கேயாவது தங்கிவிடும். அதைக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசற்படியில் நின்று, கிண்ணத்தில் அரிசியும் முட்டையும் வைத்து, ஊதுவத்தி கொளுத்திக் கூப்பிட்டேன். கல்லூரியில் தங்கிவிட்டாயா, பார்க்கிங்கில் தங்கிவிட்டாயா, அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் தங்கிவிட்டாயா, வீட்டுக்கு வா, உன் சட்டை இங்கே இருக்கிறது, உன் சோறு இங்கே இருக்கிறது என்று கூப்பிட்டேன். உயிர் வந்ததா என்று வெந்த கோழியின் காலில் பார்த்தோம். விரல்கள் நன்றாக மடங்கியிருந்தன. வந்துவிட்டது.

பிறகு எல்லோரும் நூல் கட்டினார்கள். இரண்டு மணிக்கட்டிலும் வெள்ளைச் சட்டைக் கை போல ஆகிவிட்டது. வந்த உயிர் திரும்பப் போகாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கட்டு. மூன்று இரவு தாண்டும்வரை அதை எடுக்கக் கூடாது. வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பாடத்துக்கு இரண்டாவது தடவை ஆய்வுக்கூடப் பரீட்சை; அதில் அவள் கையால் என்ன செய்ய வேண்டும்? நான் கேட்கவில்லை, அவள் அம்மா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் லீவு என்று நாள் குறித்தோம். அவளும் சொல்லவில்லை. பெரியவர்கள் கூடி நாள் குறித்த பிறகு எங்கள் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அது நல்ல பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் கார் கிளம்பவில்லை, பேட்டரி போய்விட்டது. கல்லூரிக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு நான் எலுமிச்சைப்புல் போடுகிற நாள் அது. காலையில் அறுத்த கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, புல் அறுக்கப் போட்ட சட்டையோடே அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. வழியெல்லாம் கிருமிப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மந்திரம் சொல்கிறவன்கூட இடையில் மூச்சு விடுவான். இவள் விடவில்லை.

பரீட்சை ஒரு மணிக்கு. பன்னிரண்டே காலுக்கு இறக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்து மிளகாய் தொட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"பெரியப்பா, உள்ள விடமாட்டேங்கறாங்க."

"ஏன், பணம் கட்டலையா?"

"நூலு. மணிக்கட்டுல எதுவும் இருக்கக் கூடாதாம். நெருப்பு இருக்கு, கிருமி இருக்கு. வெட்டிட்டு வரச் சொல்றாங்க."

டேஷ்போர்டு மேல் என் புல் அறுக்கிற கத்தி கிடந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"நீயே வெட்டியிருக்கலாமே. அங்க கத்தரிக்கோல் இல்லையா?"

"இருக்கு. குடுத்தாங்க. நான் வாங்கல." கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்க வெட்டச் சொன்னா வெட்டிக்கிறேன். நானா வெட்ட மாட்டேன்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் கையிலும் நூல் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் அதைக் கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். மறுநாள் தம்பி போய்விட்டான். நூல் போனதால் போனான் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் வெட்டினார்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கூடைக்குள் கையை விட்டு நூலைப் பொறுக்கியது பதினோரு வயது ஷுவா.

வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டாதே என்று சொன்னால் அந்தப் படிப்பு அன்றோடு முடிந்தது. இரண்டாவது தடவையும் என்னால்தான் என்று ஆகும். சோற்று டப்பாவை மூடினேன்.

"அந்த டீச்சர் எங்க?"

"பெரியப்பா, சண்டை வேணாம்."

"சண்டைக்கு யாரு வந்தா? மூஞ்சியப் பாக்கணும். வா."

இரண்டாம் மாடி. கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நின்றார்கள். டீச்சர் பெயர் சில்வெய்ரா. ஐம்பது வயதிருக்கும், அகலமான பெண். மாட்டுப் பண்ணைக்காரி போல உறுதியான கை. பிறகுதான் தெரிந்தது, அவள் அப்பா நிஜமாகவே துலாரே பக்கம் பால் கறந்தவர். ஏதோ தீவிலிருந்து வந்த போர்ச்சுகீஸ் ஆட்கள். எனக்கு அது அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் பெரிதாக நினைத்திருக்க மாட்டேன்.

ஷுவாவிடம் சொன்னேன்: "சொல்லு. இது அழுக்கு இல்ல, அலங்காரமும் இல்ல. இன்னும் ஒரு ராத்திரி இருக்கு. இதுக்கு முன்னால ஒருத்தன் கையில வெட்டினீங்க, அவன் திரும்பி வரல. கிருமி கிருமின்னு சொல்றீங்களே, அது உங்க கண்ணுக்குத் தெரியுதா? தெரியாததை நீங்க நம்பினா படிப்பு, நாங்க நம்பினா மூடத்தனமா? இந்தப் பொண்ணு ஒரு வருசமா தூங்கல. எல்லாத்தையும் சொல்லு."

ஷுவா அந்தப் பெண்ணைப் பார்த்து இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னாள்.

"நான் அவ்ளோ பேசினேன், நீ நாலே வார்த்தை சொல்ற?"

"சுருக்கிச் சொன்னேன்."

"என்னன்னு?"

"'பெரியப்பா வருத்தப்படுறாரு'ன்னு."

"நான் வருத்தப்படலடி, கோவத்துல இருக்கேன். அதைச் சொல்லு!"

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மொழி தெரியாமலே சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "முழுசாச் சொல்லு, நான் கேக்குறேன்" என்று ஷுவாவிடம் சொல்லியிருக்கிறாள். ஷுவா இந்தத் தடவை நிறையப் பேசினாள். பாதியில் குரல் இறங்கியது. அவள் அப்பாவைப் பற்றியும் சொன்னாள், போன வருடத்து நாலு நாளைப் பற்றியும் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. டீச்சர் அவளிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறா?"

"போன வருசமே ஏன் சொல்லலைன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தாள்ல அதுக்கு இடம் இல்லைன்னேன்."

 டீச்சர் என்னைப் பார்த்து, ஷுவாவை வைத்துப் பேசினாள். "நூல் எரியுற அடுப்புல படும். கிருமித் தண்ணி பட்டா உறிஞ்சிக்கும். அப்புறம் அந்தக் கையோட வீட்டுக்கு வருவா. உங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

இருக்கிறது. என் பேரன், ஏழு மாதம். ஷுவாதான் அவனைத் தூக்கி வைத்திருப்பாள். நான் இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் டீச்சர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

அப்போதுதான் அவள் பார்வை என் கைக்குப் போனது. "அது என்ன?" என்றாள்.

எலுமிச்சைப்புல் இலை சவரக்கத்தி மாதிரி. சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மணிக்கட்டைக் கிழித்துவிடும். அதனால் சட்டைக் கையைக் கீழே இழுத்து, அதன்மேல் ரப்பர் உறையை ஏற்றி, அதைச் சுற்றி டேப் போடுவோம். உறையைக் கழற்றியிருந்தேன், ஆனால் சட்டைக் கையில் டேப் அப்படியே ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

"புல்லு கைய அறுக்காம இருக்க" என்றேன்.

ஷுவா அதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள். அவளும் அந்த டீச்சரும் ஒரே நேரத்தில் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

"தண்ணி உள்ள போகாதா?" டீச்சர் கேட்டாள்.

"பனியில நனைஞ்ச புல்லுக்குள்ள நாலு மணி நேரம் நிப்போம். போகாது. ஒழுங்கா சுத்தினா."

அவள் யோசித்தாள். மணி பன்னிரண்டு ஐம்பது. கடைசியில் விரலை நீட்டி நிபந்தனை சொன்னாள். "கோட்டு கை மேல நீளமான உறை. அதுக்கு மேல டேப். உறை எங்கயாவது கிழிஞ்சா, அந்த நிமிசமே நூலை இங்கயே வெட்டி எங்க தொட்டியில போடணும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அப்ப உங்க பெரியப்பா என்மேல சண்டைக்கு வரக் கூடாது. சம்மதமான்னு கேளு."

கேட்டாள். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, இங்கே கேட்டார்கள்.

"சரி" என்றேன். "ஆனா டேப்பை நான்தான் போடுவேன்."

அவர்களிடம் இருந்த டேப் காகித டேப், எதற்கும் ஆகாது. வண்டிக்கு ஓடி என் டேப்பை எடுத்து வந்தேன். இந்த வயதில் இரண்டு மாடி ஏறி இறங்கினேன். நடைபாதையில் நிற்க வைத்து, நூலை மணிக்கட்டோடு தட்டையாக அழுத்தி, கோட்டுக் கையை இழுத்து, உறையை ஏற்றி, எலும்புக்கு மேலே இரண்டு சுற்று, கீழே இரண்டு சுற்றுப் போட்டேன். நுனியை மடித்துவிட்டேன். நுனியை மடிக்காவிட்டால் கழற்றும்போது உறை கிழியும். அதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

"இறுக்குதா?"

"இல்ல."

"விரலை மடக்கு. ம். போ."

வரிசையில் நின்ற ஒரு பஞ்சாபிப் பெண் தன் கையை நீட்டினாள். கையில் அவர்களுடைய இரும்பு வளை. வாரா வாரம் அதை முழங்கை வரை தள்ளிக்கொண்டு வலியோடு நிற்பாளாம். "தாத்தா, எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்களேன்" என்று சைகையால் கேட்டாள். போட்டுவிட்டேன். நான் என்ன கடையா வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன், ஆனால் போட்டுவிட்டேன்.

கடைக்காரன் இரண்டு தடவை போன் செய்தான். புல் வாடுகிறது என்று கத்தினான். வாடட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியிலேயே இருந்தேன். பனி விலகவே இல்லை. நாலு மணிக்கு ஷுவா வந்தாள். ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். வியர்வையில் தோல் சுருங்கியிருந்தது. நூல் அப்படியே இருந்தது.

"அவங்க குடுத்தது எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்னு நெனைக்கிறேன்." ஒரு பெயர் சொன்னாள். என் வாயில் நுழையாத பெயர்.

"அது எங்க இருக்கும்?"

"மண்ணுல, பெரியப்பா. நம்ம நிலத்துலயும் இருக்கும்."

"இதைக் கண்டுபிடிக்கவா இந்தப் பாடு? என்னைக் கேட்டிருந்தா மண்ணுலதான் எல்லாம் இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம். பெல்ட் போட்டுக்கொண்டாள், தூங்கவில்லை. வழியெல்லாம் மூன்று மணி நேரத்தில் என்ன செய்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாயம் போட்டது, அது ஊதாவாக நின்றது, கை நடுங்காதது. எனக்குப் பாதி புரியவில்லை.

புதன்கிழமை காலையில் அவளே என்னிடம் வந்து கையை நீட்டினாள். மூன்று இரவு முடிந்திருந்தது. நூலை நான் வெட்டினேன்.

டிசம்பரில் பாஸ் என்று வந்தது. வெறும் பாஸ் இல்லை, நல்ல மார்க்காம். நூலால் என்று நான் சொன்னேன். டேப்பால் என்று அவள் அம்மா சொன்னாள். ஷுவா இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடமும் ராத்திரி எத்தனை மணிக்கு அவள் அறை விளக்கு அணைந்தது என்று எனக்கும் தெரியும்.

ஏப்ரலில் அந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கோடையில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஷுவாவை அனுப்புகிறார்களாம், சம்பளம் உண்டாம், வீட்டுப் பெரியவரிடம் சொல்ல வேண்டுமாம். போனேன். அதே கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து டேப் சுருள் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே ஒரு தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கூட வந்த ஷுவாவைக் கேட்டேன்.

"மணிக்கட்டுல எடுக்கக் கூடாதது எதுவும் இருந்தா, உறைக்கு மேல டேப் போட்டுக்கலாம், உள்ள வர்றதுக்கு முன்னால சொல்லணும்னு."

டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மலிவு டேப். பசை பத்தாது. நுனியை மடிக்கச் சொல்லி எங்கேயும் எழுதவில்லை.

டீச்சர் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தாள். நான் ஏதாவது நல்லதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. லாவோஸை விட்டு ஓடி அகதி முகாமில் இருந்தபோதும் எங்கள் முன்னால் பல பேர் இப்படிச் சந்தோஷமாக நின்றிருக்கிறார்கள். தாளை நீட்டிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் ஒரே ஊருக்குத்தான் போவீர்கள் என்றார்கள். என் அக்காவை அதற்கப்புறம் நான் பார்த்தது பதினாறு வருடம் கழித்து.

"ஒண்ணு கேளு" என்றேன் ஷுவாவிடம். "எங்க பங்காளி வீட்ல அடுத்து ஒரு சாவு விழுந்தா, நாலு நாள் குடுப்பீங்களான்னு கேளு."

"பெரியப்பா, இப்ப எதுக்கு..."

"கேளு. சுருக்காம கேளு."

கேட்டாள். டீச்சர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நல்லவேளை, பொய் சொல்லவில்லை. மேலே கேட்டுப் பார்க்கிறேன், அந்தத் தாளை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

"கேட்டுப் பாக்குறாங்களாம்" என்றாள் ஷுவா.

"கேட்டுப் பாக்கட்டும்."

"கோடைக்குப் போகட்டுமா?"

"போ. வேணாம்னா கேக்கவா போற? சோறு ஒழுங்கா தின்னு."

டேப்பைக் கொக்கியிலேயே திரும்ப மாட்டினேன். நுனி சுருளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறி எடுத்து மடித்துவிட்டேன். அடுத்த முறை போனால் மடிக்காமல்தான் கிடக்கும். வண்டியில் புல் வெயிலில் கிடந்தது. படியிறங்கி நடந்தேன்.